யாரோடு யார் மோதுவது?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளி முதல்வர்களிடையே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மாநிலக் கூடைப்பந்துப் போட்டியை எப்போதும்போல எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒன்றாகவே நடத்துவதா, மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவுகளாகப் பிரிப்பதா என்பது கேள்வி. பிரிக்கலாம் என்று 220 பேரும் கூடாது என்று 157 பேரும் வாக்களித்தார்கள். 1911 முதல் நடந்துவந்த ஒற்றைக் கோப்பைப் போட்டி 1997 மார்ச் மாதத்தோடு முடிந்தது. வெளியூர்க்காரருக்கு இது ஒரு சாதாரண நிர்வாக முடிவாகத் தெரியும். இந்தியானாவில் இது இன்றும் தீராத வழக்கு. அங்கே பள்ளிக் கூடைப்பந்து என்பது ஊர்த்திருவிழாவுக்குச் சமம். நியூ காசில் என்ற ஊரின் பள்ளி உள்ளரங்கில் மட்டும் எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1990 மாநில இறுதி ஆட்டத்தைப் பார்க்க இண்டியானாபொலிஸ் நகர அரங்கில் கூடியவர்கள் 41,046 பேர். அப்படிப்பட்ட ஒரு போட்டியை நான்காக வெட்டியது சரியா? சரிதான் என்பதே என் கருத்து. ஆனால் வெட்டிய கோடு எங்கே விழ வேண்டும், எத்தனை கோடு போதும் என்பதில் அந்த மாநிலமும் மற்ற மாநிலங்களும் இன்னும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் இந்த முறை என்னவென்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என வயதை வைத்துப் பிரிக்கிறோம். பள்ளி பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. பள்ளிக்கு ஒரு முதன்மை அணி, அதில் நான்கு வகுப்புப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. அதனால் வயது அங்கே பெரிய பிரச்சினை இல்லை, அளவுதான் பிரச்சினை. ஐயாயிரம் பிள்ளைகள் படிக்கும் புறநகர்ப் பள்ளியும், நூற்றைம்பது பேர் மட்டுமே படிக்கும் சோள வயல் நடுவிலுள்ள கிராமப் பள்ளியும் ஒரே மாநிலச் சங்கத்தின் உறுப்பினர்கள். இவர்களை ஒரே பட்டியலில் வைத்தால் என்ன ஆகும் என்ற கவலையில் பிறந்ததுதான் அளவுப் பிரிவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும் வாங்கி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தி, நான்காகவோ ஆறாகவோ பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் கோப்பை வைக்கிறார்கள். குத்துச்சண்டையில் 50 கிலோ வீரரை 90 கிலோ வீரரோடு மோதவிடாத அதே நியாயம்தான் இங்கும்.

கூடைப்பந்துக்கு ஐந்து பேர்தானே வேண்டும், சிறிய பள்ளியில் ஐந்து நல்ல ஆட்டக்காரர்கள் கிடைக்க மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிவு முறையை எதிர்ப்பவர்களின் முதல் வாதமே இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலவீனம் தெரியும். நல்ல உயரம், பந்தைக் கையாளும் திறன், ஓட்ட வேகம் மூன்றும் ஒருசேர அமைந்த பையன் ஐம்பது பேரில் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். எண்பது பையன்கள் படிக்கும் பள்ளியில் அப்படிப்பட்டவன் ஒருவனோ இருவரோ இருப்பார்கள். ஆயிரம் பையன்கள் படிக்கும் பள்ளியில் இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் சிறந்த ஐவரைப் பொறுக்கி, அடுத்த ஐவரை மாற்று வீரர்களாக உட்கார வைத்து, மீதிப் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பலாம். சராசரித் திறனில் இரண்டு பள்ளிகளுக்கும் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் போட்டியில் மோதுவது சராசரிகள் அல்ல, உச்சிகள். கூட்டம் பெருகப் பெருக உச்சியும் உயரும். சிறிய பள்ளிக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நல்ல பிள்ளைகள் ஒரே வகுப்பில் வந்து சேரும் அதிர்ஷ்டம் வாய்க்கலாம். பெரிய பள்ளிக்கு அந்த அதிர்ஷ்டம் தேவையே இல்லை. பதினொரு பேர் களமிறங்கும் அமெரிக்க ஃபுட்பாலில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாகிறது. தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறொரு பதினொருவர் என்று பெரிய பள்ளி இறக்கும். சிறிய பள்ளியில் அதே பிள்ளைகள் ஆட்டம் முழுவதும் இரண்டு வேலையையும் பார்த்து, மூச்சிரைத்து, களைத்த உடலோடு தங்களைவிடக் கனத்தவர்கள்மீது மோதுவார்கள். காயம் எந்தப் பக்கம் அதிகமாக விழும் என்று சொல்லத் தேவையில்லை. கூடைப்பந்தைப் பிரிக்கத் தயங்கிய இந்தியானா, 1973இல் மாநில ஃபுட்பால் போட்டியைத் தொடங்கியபோதே மூன்று பிரிவுகளாகத்தான் தொடங்கியது. அதை எதிர்த்து யாரும் ஊர் ஊராகக் கூட்டம் போடவில்லை.

எதிர்ப்பு முழுவதும் கூடைப்பந்தைச் சுற்றியே எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் பெயர் மைலன். ஏறத்தாழ 1,150 பேர் வாழ்ந்த சிற்றூர். பள்ளியில் மொத்தமே 161 பேர். 1954 மார்ச் 20 அன்று அந்தப் பள்ளி, தன்னைப்போலப் பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை மாநில இறுதி ஆட்டத்தில் 32–30 என்ற கணக்கில் வென்றது. மன்சி அதற்கு முன்பே நான்கு முறை கோப்பை வாங்கிய பள்ளி. இருபத்தாறு வயது நிரம்பிய இளம் பயிற்சியாளர் மார்வின் வுட், எதிரியின் உயரத்தையும் வேகத்தையும் செல்லாக்காசாக்க ஒரு வழி கண்டிருந்தார்: ஆட்டத்தையே மந்தமாக்குவது. இத்தனை நொடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. கடைசிக் கால்பகுதியில் பாபி பிளம்ப் என்ற பையன் நான்கு நிமிடத்துக்கும் மேல் பந்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். மைலன் அப்போது பின்தங்கியிருந்தது, இருந்தும் நின்றான். பிறகு சமநிலை வந்தது. கடைசி நொடிகளில் அதே பிளம்ப் எழும்பி எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. மறுநாள் அவர்களை வரவேற்க அந்தச் சிற்றூரில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 1986இல் வெளியாகி உலகெங்கும் ஓடிய ‘ஹூசியர்ஸ்’ திரைப்படம் இந்த வெற்றியிலிருந்து கருவை எடுத்துக்கொண்டது.

இந்த வெற்றியின் அழகை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. விளையாட்டு தரக்கூடிய ஆகச் சிறந்த பரிசுகளில் ஒன்று அது. ஆனால் ஒரு விதியை வகுக்கும்போது, அதனால் ஒருமுறை விளைந்த அற்புதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. மற்ற ஆண்டுகளில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். மைலனுக்குப் பிறகு 1955 முதல் 1997 வரை 43 போட்டிகள் நடந்தன. அவற்றில் ஒன்றிலும் அந்த அளவுச் சிறிய பள்ளி கோப்பையைத் தொடவில்லை. 1975இல் லூகூட்டி என்ற சிற்றூர்ப் பள்ளி இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றது. 1982இல் பிளிமத் வென்றது. ஆனால் அது மைலனைப்போலப் பல மடங்கு பெரிய பள்ளி. மைலன் அணியும் திடீரென்று முளைத்ததல்ல என்பதை மறந்துவிடுகிறோம். முந்தைய ஆண்டே மாநில அரையிறுதிக்கு வந்த அணி அது. ஒரே வகுப்பில் திறமைசாலிகள் சேர்ந்து, அவர்களுக்குத் தகுந்த பயிற்சியாளரும் வாய்த்து, நேரத்தை விழுங்க விதியும் இடம்கொடுத்த ஓர் அபூர்வச் சேர்க்கை. அந்த ஓர் ஆண்டின் கதையைச் சொல்லிச் சொல்லியே, நூற்றுக்கணக்கான சிறிய பள்ளிகளின் பிள்ளைகள் ஆண்டுதோறும் முதல் வாரத்திலேயே முப்பது நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்று வீடு திரும்புவதை நியாயப்படுத்த முடியாது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

ஒற்றைக் கோப்பையின் பெருமையைப் பேசுவோர் இன்னொன்றும் சொல்வார்கள்: அது எல்லோருக்கும் திறந்த களம், சாதி மத பேதமில்லாத களம் என்று. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இண்டியானாபொலிஸ் நகரில் கறுப்பின மாணவர்களை மற்றப் பள்ளிகளிலிருந்து ஒதுக்குவதற்காகவே 1927இல் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அந்தப் பள்ளி மாநிலப் போட்டியில் சேர விண்ணப்பித்தபோது, அது பொதுப் பள்ளி அல்ல, ஓர் இனத்தார் மட்டுமே படிக்கும் பள்ளி என்ற சாக்கில் சங்கம் மறுத்தது. ஒதுக்கி வைத்ததும் அவர்களே, ஒதுக்கப்பட்டதையே குற்றமாக்கியதும் அவர்களே. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அதே கதவடைப்பு. 1942இல்தான் இரு தரப்புக்கும் அனுமதி கிடைத்தது. 1955இல் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற பதினாறு வயது மேதையின் துணையோடு அட்டக்ஸ் மாநிலக் கோப்பையை வென்றது. கறுப்பின மாணவர் மட்டுமே படித்த ஒரு பள்ளி, எல்லோரும் கலந்துகொள்ளும் மாநிலப் போட்டியில் வென்றது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் முறை. இண்டியானாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்று அந்தக் கோப்பையைக் கொண்டுவந்ததும் அதுவே முதல் முறை. அப்படியிருந்தும் வெற்றி ஊர்வலத்தை நகர மையத்தில் நீடிக்கவிடாமல் கறுப்பினத்தார் வாழும் பகுதியின் பூங்காவுக்குத் திருப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஓர் ஆட்டமும் தோற்காமல் அட்டக்ஸ் மீண்டும் வென்றது. ஒரே களம் என்பதாலேயே ஒரு போட்டி நியாயமானதாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா? களத்தில் யாரை நிற்க விடுகிறோம், எந்த நிலையில் நிற்க விடுகிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. அட்டக்ஸின் வெற்றியைக் காட்டி, பிரிவு முறை இருந்திருந்தால் இப்படியொரு பொதுமேடை கிடைத்திருக்குமா என்று கேட்பது நல்ல கேள்விதான். அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அட்டக்ஸ் சிறிய பள்ளி அல்ல. எந்தப் பிரிவு முறையிலும் அது பெரிய பள்ளிகளின் நடுவேதான் ஆடியிருக்கும், அவர்களைத்தான் வென்றிருக்கும்.

பிரிவு வந்த பிறகு அரங்கங்கள் காலியாகிவிட்டன, ஊரையே ஒன்றுசேர்த்த பண்பாடு செத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எல்லாவற்றையும்விட வலுவானது. கூட்டம் குறைந்தது உண்மை. 1998இல் முதல் பிரிவுப் போட்டிக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிடத் தெளிவாகவே குறைவு. நான்கு வாகையர்களையும் மோதவிட்டு ஒரே வாகையரைக் கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு ஆண்டுகள் ஒரு தனிப் போட்டி நடத்திப் பார்த்தார்கள். அதற்கும் வரவேற்பில்லாமல் கைவிட்டார்கள். ஆனால் சரிவு எப்போது தொடங்கியது என்று பார்க்க வேண்டாமா? 1960களின் தொடக்கத்தில் மாநிலப் போட்டியின் எல்லாச் சுற்றுகளுக்கும் சேர்த்து வந்த பார்வையாளர்கள் சுமார் 15 லட்சம். ஒற்றைக் கோப்பையின் கடைசி ஆண்டான 1997இல் அது 8 லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. பாதிக் கூட்டம் பிரிவு வருவதற்கு முன்பே கரைந்துவிட்டது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1954இல் மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட பள்ளிகள் 751, 1997இல் 382. சிறிய பள்ளிகளை ஒன்றிணைத்துப் பெரிய பள்ளிகளாக்கும் சட்டம் 1959இல் வந்தது. ஊருக்கொரு பள்ளி என்பது போய் நாலைந்து ஊருக்கு ஒரு பள்ளி என்றானது. தன் ஊர்ப் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஆட ஒரு பிள்ளைகூட இல்லாதபோது அந்த ஊர்க்காரர் யாருக்காக அரங்கத்துக்கு வருவார்? தொலைக்காட்சியும் தொழில்முறை ஆட்டங்களும் எஞ்சியதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. இத்தனையின் பழியையும் 1998இல் வந்த ஒரு விதியின் தலையில் ஏற்றுவது முறையல்ல. ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய முறையில் முதல் சுற்று அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடந்தது. சம்பந்தி வீட்டுச் சண்டைபோல ஊர்கள் மோதிக்கொண்டன. பிரிவு முறையில் பக்கத்து ஊர்ப் பள்ளி வேறு பிரிவில் இருக்கும். தன் அளவுள்ள பள்ளியைத் தேடி நெடுந்தூரம் பேருந்தில் போக வேண்டும். இது மெய்யான இழப்பு. ஆனாலும் பருவ ஆட்டங்கள் அக்கம்பக்கத்தாரோடு இன்றும் நடக்கின்றன. இறுதிக் கட்டப் போட்டி மட்டுமே பிரிந்தது.

2012இல் இந்த விவகாரம் மறுபடி கிளம்பியது. பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினர் குரல் எழுப்ப, விளையாட்டுச் சங்கம் ஊர் ஊராகக் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்டது. கூட்டத்துக்கு வந்த பொதுமக்களில் பெரும்பாலோர் ஒற்றைக் கோப்பையே வேண்டும் என்றார்கள். பள்ளி முதல்வர்களும் பயிற்சியாளர்களும் பிரிவு முறையே இருக்கட்டும் என்றார்கள். வழக்கின் சாரம் முழுவதும் இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில் இருக்கிறது. பார்வையாளருக்கு வேண்டியது கதை: தாவீது கோலியாத்தை வீழ்த்தும் ஓர் இரவு. அது பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடந்தாலும் அவருக்குப் போதும். நடக்காத ஆண்டுகளில் அவர் நம்பிக்கையோடு காத்திருப்பார். ஆடும் பிள்ளைக்கோ பள்ளியில் இருப்பதே நான்கு ஆண்டுகள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அற்புதத்துக்காகக் காத்திருக்க அந்தப் பிள்ளைக்குக் காலம் இல்லை. பள்ளி விளையாட்டு என்பது பள்ளிக் கல்வியின் ஒரு பகுதி என்று நாம் நம்பினால், விதியை வகுக்கும்போது ஆடுபவர் பக்கம் நிற்க வேண்டும். மைலனின் நாயகன் பாபி பிளம்ப் ஒற்றைக் கோப்பைக்காகவே வாதாடினார். அந்தப் போட்டி ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று அவரைவிட அறிந்தவர் இல்லை. அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் பெற்றதைப் பெறாதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது.

தோல்வியும் ஒரு பாடம்தானே, வலியவரோடு மோதினால்தானே பிள்ளைகள் உறுதிப்படுவார்கள் என்பது இன்னொரு வாதம். உண்மைதான். சற்றே வலியவரோடு மோதித் தோற்பதில் பாடம் இருக்கிறது: எங்கே தவறினோம், அடுத்த முறை எதை மாற்றலாம் என்று யோசிக்க அதில் இடம் உண்டு. முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடும் ஆட்டத்தில் அப்படிப்பட்ட பாடம் எதுவும் இல்லை. அதில் வென்றவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, மாணவர் எண்ணிக்கையை எண்ணிவிட்டால் நியாயம் வந்துவிடும் என்று யாராவது நினைத்தால் அதுவும் தவறு. 1998இல் முதல் பிரிவுப் போட்டியில் நான்கு பிரிவிலும் வென்ற பள்ளிகளைப் பாருங்கள். நான்கில் இரண்டு கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள்: மிகச் சிறிய பிரிவில் லஃபாயெட் சென்ட்ரல் கத்தோலிக், மூன்றாம் பிரிவில் இண்டியானாபொலிஸ் கதீட்ரல். அரசுப் பள்ளி தன் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளையே முதன்மையாக நம்பியிருக்கிறது. தனியார் பள்ளிக்கு எல்லைக்கோடு கிடையாது. நகரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வரலாம், திறமைசாலிகளும் வரலாம். ஏட்டில் முந்நூறு பேர் என்று இருக்கும் பள்ளி, ஆட்களைத் திரட்டும் வலிமையில் மூவாயிரம் பேர் பள்ளிக்குச் சமமாக இருக்க முடியும். இதைச் சரிசெய்ய மாநிலங்கள் வெவ்வேறு வழிகளை நாடின. இல்லினாய் மாநிலம் 2005இல் தனியார் பள்ளி போன்ற, எல்லை வரையறை இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கிக் கணக்கிடத் தீர்மானித்தது. இந்தியானா 2012இல் வேறு வழி எடுத்தது: இரண்டு ஆண்டுகளில் ஒரு பள்ளி எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்பதற்கு மதிப்பெண் கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அந்தப் பள்ளியை மேல் பிரிவுக்குத் தள்ளுவது. இரண்டில் இந்தியானாவின் வழியே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. பெருக்குத்தொகை, நல்ல அணியே இல்லாத சிறு தனியார் பள்ளியையும் சேர்த்துத் தண்டிக்கிறது. வெற்றி மதிப்பெண், தனியார் என்றோ அரசு என்றோ பாராமல் வென்றவரை மட்டும் மேலே ஏற்றுகிறது. அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: வென்ற பிள்ளைகள் படிப்பு முடிந்து போய்விட, அடுத்து வரும் பிள்ளைகள் அண்ணன்மாரின் வெற்றிக்கான விலையைச் செலுத்துகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை நடப்பதால் அந்த அநீதி நீடிப்பதில்லை.

பணம் என்ற அளவைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறார்கள். இந்தியானாவில் நீச்சல் இன்றும் பிரிவற்ற ஒற்றைப் போட்டிதான். அதில் கார்மல் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணி 1987 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஆண்டுகூடத் தவறாமல் மாநிலப் பட்டம் வென்றுவருகிறது. கார்மல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அதே நேரம் அந்த ஊர் மாநிலத்தின் வசதி மிக்க புறநகர்களில் ஒன்று. சிறந்த நீச்சல் குளமும், சிறு வயதிலிருந்தே பயிற்றுவிக்கும் மன்றமும், அதற்குக் கட்டணம் கட்டக்கூடிய பெற்றோரும் அங்கே இருக்கிறார்கள். அந்த அணியின் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து உழைத்துத்தான் வெல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களோடு போட்டியிட வேண்டிய, குளமே இல்லாத ஊரின் பெண்ணுக்கு அந்த ஒற்றைப் போட்டி என்ன தருகிறது? மின்னசோட்டா மாநிலம் இந்த வகையில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறது. அங்கே பள்ளியின் அளவைக் கணக்கிடும்போது, இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு பெறும் பிள்ளைகளில் ஒரு பகுதியை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, காலணி வாங்க வழியில்லாத பிள்ளை அணியில் சேர்வது குறைவு என்ற எளிய உண்மையை அந்தக் கழித்தல் ஏற்றுக்கொள்கிறது. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

பிரிவுகள் எத்தனை இருக்கலாம்? இங்கே நான் எதிர்த்தரப்பின் அச்சத்தைப் பகிர்ந்துகொள்கிறேன். டெக்சஸ் மாநிலத்தில் அரசுப் பள்ளி ஃபுட்பாலுக்கு ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு உட்பிரிவுகள். ஆக ஆண்டுக்குப் பன்னிரண்டு மாநில வாகையர்கள். பரந்த மாநிலம், பள்ளிகளும் மிக அதிகம் என்பதால் அங்கே அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. மிகச் சிறிய பள்ளிகளுக்காக அணிக்கு ஆறு பேர் மட்டும் ஆடும் தனி ஃபுட்பாலையே அங்கே நடத்துகிறார்கள். 1934இல் நெப்ராஸ்கா மாநிலப் பயிற்சியாளர் ஒருவர், பதினொரு பேரைத் திரட்ட முடியாத கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய ஆட்டம் அது. பிள்ளைகள் குறைவென்று ஆட்டத்தையே மூடாமல், பிள்ளைகளுக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிய அறிவு போற்றத்தக்கது. ஆனால் சிறிய மாநிலங்களும் டெக்சஸைப் பார்த்து ஆறு, ஏழு என்று பிரித்துக்கொண்டே போவது கோப்பையின் மதிப்பைக் குறைக்கும். இருபது பள்ளிகளுக்குள் முதலிடம் என்றால் அதை மாநில வாகை என்று அழைக்கத் தயக்கம் வர வேண்டும். சுமார் 400 பள்ளிகள் உள்ள இந்தியானாவில் கூடைப்பந்துக்கு நான்கு பிரிவுகள் என்பது என் பார்வையில் மேல்வரம்பு. ஒவ்வொன்றிலும் நூறு பள்ளிகள் இருக்கும்போது அதில் முதலிடம் பிடிப்பது யாருக்கும் எளிதல்ல.

அண்டை மாநிலமான கென்டக்கியை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே கூடைப்பந்துக்கு இன்றும் ஒரே கோப்பை. பதினாறு மண்டலங்களின் வாகையர்கள் ஓர் அரங்கத்தில் கூடி ஆடுகிறார்கள். மாநிலமே அந்த வாரம் வேலையை மறந்து பார்க்கிறது. 1928இல் கார் கிரீக் என்ற மலைக் கிராமத்துப் பள்ளி இறுதி ஆட்டத்தில் நான்கு கூடுதல் நேரங்கள் வரை போராடி ஆஷ்லண்டிடம் தோற்றதை இன்றும் சொல்கிறார்கள். 1952இல் கியூபா என்ற குக்கிராமப் பள்ளி வென்றது. இந்தக் கதைகள் எல்லாம் உண்மை. இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படாத ஒன்றும் உண்மை: அதே கென்டக்கியில் சிறிய பள்ளிகள் தங்களுக்குள் மட்டும் ஆடுவதற்கென்று பருவத்தின் நடுவே ஒரு தனி மாநிலப் போட்டியைத் தாங்களாகவே உருவாக்கிக்கொண்டன. 1990 முதல் அது மாநில அளவில் நடக்கிறது. பிரிவே வேண்டாம் என்ற மாநிலத்தில், சிறிய பள்ளிகள் தாமே பின்வாசல் வழியாக ஒரு பிரிவைக் கொண்டுவந்திருக்கின்றன. தேவை எங்கே இருக்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. அதே நேரம், அந்தச் சிறிய பள்ளிகள் பருவத்தின் முடிவில் பெரிய கோப்பையையும் துரத்துகின்றன. சிறியவர்களுக்குத் தனி மேடை, துணிந்தவர்களுக்குப் பொது மேடை என்ற இரண்டும் ஒரே மாநிலத்தில் இருக்க முடியும்.

மின்னசோட்டாவின் ஐஸ் ஹாக்கி இதைவிட எளிய வழியைக் கண்டிருக்கிறது. அங்கே 1990களில் இரண்டு பிரிவுகள் வந்தன. சிறிய பள்ளி ஒன்று விரும்பினால் பெரிய பிரிவில் ஆடலாம். பெரிய பள்ளி சிறிய பிரிவுக்கு இறங்க முடியாது. கனடா எல்லையை ஒட்டிய ரோஸோ என்ற ஊரின் மக்கள் தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த ஊர்ப் பள்ளி தன் விருப்பத்தால் பெரிய பிரிவில் ஆடி, 1999இலும் 2007இலும் மாநகரப் பள்ளிகளைத் தோற்கடித்து வாகை சூடியது. யாரும் அவர்களை அந்தக் களத்தில் தள்ளவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இந்தியானா செய்ய வேண்டியதும் இதுதான். நான்கு பிரிவுகள் இருக்கட்டும். வெற்றி மதிப்பெண்ணோடு வறுமைக் கழிவும் கணக்கில் சேரட்டும். நீச்சல் போன்ற ஆட்டங்களுக்கும் குறைந்தது இரண்டு பிரிவாவது வரட்டும். எந்தச் சிறிய பள்ளியும், தன் பிள்ளைகளையும் பயிற்சியாளரையும் கேட்டு, இந்த ஆண்டு பெரியவர்களோடு மோதுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் சங்கம் மறுக்காமல் ஏற்க வேண்டும். அந்த முடிவை அரங்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் எடுக்கக் கூடாது. களத்தில் இறங்கப்போகும் பள்ளிதான் எடுக்க வேண்டும்.